முகம் பார்த்துப் பேசும் கேமரா

விடியும் முன்பே கூடலூரிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகள் குமுளி மலையேறுகின்றன. மடியில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களின் கதையை நாம் என்றாவது கேட்டிருக்கிறோமா?

அப்படிக் கேட்பதையே தொழிலாக்கிக்கொண்டவர் மதுரைக்காரரான புகைப்படக் கலைஞர் பழனிக்குமார். மீன் விற்ற தாயின் மகன். 2013-இல் கடன் வாங்கித்தான் முதல் கேமராவை வாங்கினார். தூய்மைப் பணியாளர்களின் துயரம் சொன்ன ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். ராமநாதபுரம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் படமெடுத்து, ‘பாரி’ எனும் ஊரக மக்கள் ஆவணக் களஞ்சியத்தில் அவர்கள் வாழ்க்கையை எழுதினார். 2022-இல் தயனிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவரும் இவரே.

அமெரிக்காவிலும், வேலை இழந்த பிராண்டன் ஸ்டான்டன் என்ற இளைஞர், 2010-இல் நியூயார்க் தெருக்களில் எளிய மனிதர்களைப் படமெடுக்கும் இதே பாதையில்தான் இறங்கினார்.

கேமரா வைத்திருக்கும் தம்பி, தங்கைகளே! முதலில் பெயரைக் கேளுங்கள், அனுமதி கேளுங்கள், பொறுமையாகப் பேசுங்கள். படமெடுத்தால் ஒரு பிரதியை அவர்கள் கையிலேயே கொடுங்கள். அந்த மரியாதைதான் இந்தத் தொழிலுக்கு முதல்.