பழைய நெகிழ்வட்டில் நம் தோட்டத்துத் தமிழ்



ஈப்போ, பத்து காஜா, சுங்கை சிப்புட் வட்டாரங்களில் பால்மரக் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களை விட்டு வந்த குடும்பங்கள் சிலவற்றில், சாமி படத்துக்குப் பின்னாலோ பழைய இரும்புப் பெட்டியிலோ, கறுப்பு நிறத்தில் சதுரமான மெல்லிய தட்டுகள் கிடக்கலாம். அவற்றுக்கு நெகிழ்வட்டு என்று பெயர். கடைக்காரர்கள் பிளாப்பி என்பார்கள். கோயில் திருவிழாக் கணக்கோ, பள்ளி ஆண்டு மலரோ அதில் இருக்கக்கூடும். அதைக் குப்பையில் போடுமுன் சற்றுக் கேளுங்கள்.

ஐபிஎம் நிறுவனத்தின் சொந்தக் கணினி 1981 ஆகஸ்ட்டில் வந்தது. அதை இயக்கப் பெரும்பாலும் டாஸ் என்னும் மென்பொருள் பயன்பட்டது. 1983இல் வந்த டாஸ் 2.0, ஐந்தேகால் அங்குலத் தட்டு ஒன்றில் சுமார் 360 கிலோபைட் வரை வைத்தது. பக்கத்துக்கு 2,000 குறிகள் என்று கொண்டால் ஏறத்தாழ 180 பக்கம். கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பின் மூன்று எழுத்து, அவ்வளவுதான் இடம். அதுவும் ரோமன் எழுத்தில்! ‘கோயில்’ என்று ஐந்து எழுத்தும் 85 என்று ஆண்டும் போட்டால், மேற்கொண்டு ஒன்றுதான் மிச்சம். நம் திருவிழாப் பெயர்களெல்லாம் இப்படித்தான் குறுகின.

தட்டில் கோப்புகளைக் கணினி எப்படித் தேடுகிறது? பெரட்டில் கிராணியார் வைத்திருந்த செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். யார், எந்த நிரை என்று அதில் இருக்கும். தட்டின் தொடக்கத்திலும் அப்படி ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. கோப்பின் பெயர், தேதி, அளவு, முதல் துண்டு இருக்கும் இடம் ஆகியவை அதில் இருக்கும். அடுத்தடுத்த துண்டுகள் எங்கே என்பதை இன்னொரு அட்டவணை சொல்லும். கோப்பை அழித்தால் பட்டியலில் பெயரின் முதலெழுத்து மாறும், இடம் காலி என்று குறிக்கப்படும். எழுதியது அப்படியே இருக்கும். செக்ரோலில் பெயரை அடித்தால் நிரையிலுள்ள மரம் சாய்ந்துவிடுமா? வேறு ஆள் வரும்வரை நிற்கும் அல்லவா? ஆகவே அழிந்ததாக எண்ணிய கணக்கும் சில வேளை மீளும். புதிதாக எதையாவது அதன்மேல் எழுதினால்தான் மீட்பது அரிதாகும்.

அடுத்தது தமிழ்ச் சிக்கல். கணினிக்கு எண் மட்டுமே தெரியும். ஒரு பைட்டில் 256 எண்கள். அவற்றில் முதல் 128 ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் போய்விட்டன. நமக்கோ 247 எழுத்துகள். எனவே தமிழ் மென்பொருள் செய்தவர்கள் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்தார்கள். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ என்னும் மென்பொருளைத் தொடங்கினார், பெருமைக்குரிய செய்தி. ஆனால் ஒன்றில் தட்டியதை வேறொன்றில் திறந்தால் அர்த்தமற்ற குறிகளே தெரியும். பலர் கோப்பு கெட்டுவிட்டதென்று எறிந்தார்கள். அது கெடவில்லை, எண்ணின் பொருள்தான் மாறியது. யூனிகோடு 1991இலேயே தமிழுக்குத் தனி இடம் தந்தது. அது வீடுவரை வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. பழைய குறியீடு தெரிந்தால் அந்தக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றலாம்.

மூன்றரை அங்குலத் தட்டு கிடைத்தால் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளையைத் திறந்துவையுங்கள். புதிதாக எதுவும் எழுதப்படாது. (இன்றைய பிள்ளைகள் திரையில் ‘சேமி’ என்பதற்குக் காணும் படம் இந்தத் தட்டுதான்.) ஐந்தேகால் அங்குலத்தில் ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூடவேண்டும். மூன்றரை அங்குலத்தைப் படிக்க இன்றும் சிறு கருவி வாங்கலாம். பெரியதற்குப் பழைய கணினி வைத்திருப்பவரைத் தேடவேண்டும். பூஞ்சை பிடித்திருந்தால் உள்ளே போட்டுச் சுழற்றாதீர்கள். தட்டின்மேல் பேனாவால் அழுத்தி எழுதவும் வேண்டாம். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்த மென்பொருள், யார் தட்டியது என்பதை உறையில் எழுதுங்கள். தட்டச்சுச் செய்தவர் இன்னும் இருக்கிறார் என்றால், இந்த வாரமே போய்க் கேளுங்கள்.