வயோதிகமும் வோட்டும்

(கொச்சங்காடியில் நடந்த மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2011 ஜனத்தொகைக் கணக்கெடுப்பின்படி, 60 வயது கடந்தவர்கள் பாரதத்தில் நூற்றுக்கு 8.6 பேர், கேரளத்தில் 12.6 பேர். பிள்ளைகளெல்லாம் மும்பையிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்க, நம் வீடுகளில் இந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மத்திய சர்க்கார் 1995-ல் ஏழை முதியோருக்கு மாதம் 75 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு அது 200 ஆயிற்று. 80 வயதானால் 500. அந்த 200 ரூபாய் 2025 வரை நகரவில்லை. கேரளத்தில் 1980-ல் விவசாயத் தொழிலாளர்களுக்கு 45 ரூபாய் பென்ஷன் வந்தது. கேரளத்தின் க்ஷேம பென்ஷன் 2021-ல் 1600 ரூபாய். 2025 நவம்பரில் 2000. அடுத்த மாதமே பஞ்சாயத்து, கார்ப்பரேஷன் தேர்தல்!

நான் பௌதிகம் படித்தவன். வெளியிலிருந்து ஒரு விசை பட்டாலொழியக் கிடக்கும் பொருள் நகராது. விவசாயத் தொழிலாளிக்குப் பின்னால் யூனியன் இருந்தது. நமக்குப் பின்னால் யார்? ரயிலில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் இருந்த சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். நாம் டிக்கெட் க்யூவில் முணுமுணுத்தோம், அதோடு சரி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என் அடுத்த தெருவில் ஒரு மாமி. ஆத்துக்காரர் கல்யாணங்களில் தேஹண்டம் செய்தவர். காலமாகிப் பதினோரு வருஷம். பென்ஷனுக்கு அப்ளிகேஷன் போடச் சொன்னபோது, “சர்க்கார் பிச்சை வேண்டாம் அண்ணா” என்றார்.

“மாமி, எனக்கு மாசாமாசம் வருவதும் சர்க்கார் பணம்தானே? எனக்கு வந்தால் பென்ஷன், உங்களுக்கு வந்தால் பிச்சையா?” என்றேன். மாமி பதில் பேசவில்லை. மறுநாள் ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

சந்தோஷப்பட எனக்கு மனம் வரவில்லை. சர்க்கார் உத்தியோகம் பார்த்த நான், பதினோரு வருஷமாக அந்த மாமியிடம் இதை ஏன் கேட்கவில்லை?

ஆகவே இரண்டு வேண்டுகோள். உங்கள் ஊரில் 60 வயதாகி, வருமானம் குறைந்த நம்மவர் யார் என்று பாருங்கள். கேரளத்தில் குடும்ப வருஷ வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் பென்ஷன் கேட்கலாம். இரண்டாவது, வார்டு சபைக்குப் போங்கள். 2025-ல் கேரள சட்டசபை முதியோர் கமிஷனுக்குச் சட்டம் செய்திருக்கிறது. மனுவே போகாவிட்டால் கமிஷன் எதை விசாரிக்கும்?

சாதுவாக இருப்பது நல்ல குணம். ஆனால் பக்கத்து வீட்டு மாமியின் பட்டினிக்கு நம் சாதுத்தனம் காரணமாகக் கூடாது.