ஒரு நாள், பல ஆண்டு விழாக்கள்

(பொன்முடியில் மாணவர்களிடையேயும் அலுவலர்களிடையேயும் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நாம் கூடியுள்ள இம்மலைத்தொடரின் மேற்கே நெய்யாறும் வாமனபுரம் ஆறும் பாய்கின்றன; கிழக்கே தாமிரபரணி பாய்கிறது. மாநில எல்லைகளைப் பற்றிச் சிந்திக்க ஏற்ற இடம் இதுவே.

நவம்பர் 1 பல மாநிலங்களின் வரலாற்றில் இடம்பெற்ற நாளாகும். 1954இல் அந்நாளில் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் கேரளம், ஆந்திரப் பிரதேசம், விரிவடைந்த மைசூர், மத்தியப் பிரதேசம் ஆகியவை அமைந்தன. 1966இல் ஹரியானாவும், 1973இல் கர்நாடகம் என்ற பெயரும், 2000இல் சத்தீஸ்கரும் அதே நாளில் வந்தன.

இவற்றுள் 1956ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் தற்செயலானவை அல்ல. பஸல் அலி ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து இயற்றப்பட்ட மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டம் நிர்ணயித்த நாள் அது. மலபார் கேரளத்துடன் இணைந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதியும் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன.

ஆகவே, ஒரே நாள் ஒருவருக்குப் பிறப்பு, மற்றொருவருக்கு இணைப்பு, வேறொருவருக்கு இழப்பு. தெற்கெல்லைப் போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தோரை மறந்து இந்நாளைக் கொண்டாட இயலாது. உணவுத் தானியப் பற்றாக்குறை மிகுந்த திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கிய நாஞ்சில் நாடு எல்லைக்கு அப்பால் சென்றதையும் பொருளாதார மாணவர்கள் கருத வேண்டும்.

எல்லையை வரைந்த அதே சட்டம், மாநிலங்கள் கூடிப் பேச ஐந்து மண்டலக் கவுன்சில்களையும் அமைத்தது. பிரிவினையும் கூட்டுறவும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. கூட்டுறவுக்குச் சான்று பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம். 1970இல் கையெழுத்தான அது 1958 முதல் செயலுக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. மணக்கடவில் கேரளத்திற்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் என வரையறுத்தது. மாறாக, விளவங்கோட்டு வயல்களுக்கு நெய்யாற்றிலிருந்து வந்த நீர் 2004இல் நின்றது. 2012இல் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

ஆண்டு விழாக்கள் கொடியேற்றத்துடன் முடிந்துவிடலாகாது. எல்லையோர மாவட்டங்களின் அலுவலர்கள் அந்நாளில் ஒருங்கே அமர்ந்து, பொதுவான ஆறு, காடு, சாலை ஆகியவற்றின் கணக்கைப் பார்ப்பார்களாயின், அதுவே அந்த நாளுக்குச் செய்யும் உண்மையான சிறப்பாகும்.