ஒரு கிணறும் நான்கு ஆராய்ச்சிகளும்

(எமது சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



சட்டம், வர்த்தகம், கமத்தொழில், சமூகம் ஆகிய துறைகளிலே இக்காலத்தில் நடைபெறும் ஆராய்ச்சிகளைப் பற்றிப் பேசவேண்டுமென்று எமது காரியதரிசி கேட்டுக்கொண்டார். ஆராய்ச்சிகளின் பெயர்களை ஒரு பட்டியலாக வாசிக்கலாம். வாசித்தால் பெரியோர்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையசைப்பார்கள். அதை ஆமோதிப்பு என்று எண்ணி மகிழும் வயதை நாம் தாண்டிவிட்டோம். ஆகவே பட்டியலை விட்டுவிட்டு, ஒரேயொரு தோட்டக் கிணற்றைப் பற்றி மாத்திரம் இன்று பேச எண்ணுகின்றோம்.

வலிகாமத்திலே எமது உறவினரான ஒரு பெரியவருக்குச் செம்மண் தோட்டமும் அதிலே பங்குக் கிணறும் உண்டு. சில ஆண்டுகளுக்குள் நான்கு பல்கலைக்கழக மாணவர்கள் வெவ்வேறு காலங்களில் அக்கிணற்றடிக்கு வந்தார்கள். சட்டம் படித்தவர் காணி உறுதிகளைப் பார்த்தார். கமத்தொழில் படித்தவர் போத்தலில் தண்ணீர் எடுத்துச் சென்றார். வர்த்தகம் படித்தவர் வெங்காயம் விற்ற கணக்கைக் கேட்டார். சமூகவியல் படித்த மாணவி, அந்தக் காலத்தில் இக்கிணற்றில் யார் யார் அள்ளலாம், யார் யார் அள்ளக்கூடாது என்று வீட்டிலிருந்த ஆச்சியிடம் கேட்டார். நால்வரும் பட்டம் பெற்றார்கள், மகிழ்ச்சி. ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் கண்டதில்லை.

ஒருநாள் பெரியவர் எம்மிடம் சொன்னார்: "தம்பி, நாலு பிள்ளையள் வந்து எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போச்சுதுகள். நல்ல பிள்ளையள். ஆனா உந்தத் தண்ணியைப் பேரப்பிள்ளைக்குக் குடுக்கலாமோ எண்டு மட்டும் ஒருத்தரும் வந்து சொல்லேல்லை."

எமக்கு மறுமொழி தெரியவில்லை. தேடிப் போனோம். பல்கலைக்கழக நூலகமொன்றிலே, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஓர் ஆய்வேட்டின் பின்பக்க அட்டவணையில் அக்கிணறு ஓர் இலக்கமாக இருந்தது. அதற்கு நேரே நைத்திரேற்றின் அளவு. அது 50ஐத் தாண்டியிருந்தது. ஓர் இலீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதற்கு மிஞ்சினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். தாய்மாரே, இதைக் கவனிக்கவேண்டும்: தண்ணீரைக் காய்ச்சுவதால் நைத்திரேற்று நீங்காது. கொதித்து நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். விடை ஆய்வேட்டில் இருந்தது. குழந்தை வீட்டில் இருந்தது. இரண்டுக்கும் இடையில் ஒரு பாதை இல்லாமற் போயிற்று. அம்மாணவரை நாம் குறை கூறவில்லை. கிணற்றுக்காரருக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்று அவருக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை.

நிற்க. நைத்திரேற்று அக்கிணற்றுக்கு எப்படி வந்தது?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஆறு. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை, மெல்லிய மண்ணினூடாக இறங்கி, வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்குகின்றது. அங்கே அடியில் இருப்பது கடல்நீர். நன்னீர் பாரம் குறைந்ததாதலின் உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால், கொள்கையளவில், கீழே உப்புநீர் நாற்பதடி எழும். இந்தக் கணக்கை 1888-89இல் எழுதியவர் பாடன் கைபன் என்னும் ஒல்லாந்த இராணுவப் பொறியியலாளர்; 1901இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் தனியே அதே முடிவுக்கு வந்தார்.

முன்னாளில் துலாவிலே ஒருவரோ இருவரோ மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, வேறொருவர் வாய்க்காலில் தண்ணீர் மாற்றுவார். மெதுவான வேலை, முதுகெலும்பு முறியும் வேலை. அந்த மெதுவே கிணற்றுக்கு ஒரு காவலாகவும் இருந்தது. இயந்திர இறைப்பு வந்தபின் சில மணி நேரத்தில் வேலை முடிந்தது. நாம் துலாவுக்குத் திரும்பும்படி சொல்லவில்லை. துலா மிதித்தவர்கள் எவரும் அப்படிச் சொல்லார். உரமும் அவ்வாறே மாறியது. பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்து, ஆட்டுப்பட்டி அடைத்து வளப்படுத்திய நிலத்துக்கு யூரியா வந்தது. பயிர் உண்டதுபோக எஞ்சியது பாய்ச்சிய நீரோடு கல்லிடுக்கு வழியே கிணற்றுக்கு இறங்குகின்றது. மலசலகூடக் குழிகளும் இதில் தம் பங்கைச் செய்கின்றன. 1980களிலேயே எமது ஆராய்ச்சியாளர் இதை அளந்து எழுதிவிட்டனர். செய்தி புதிதன்று.

அப்படியானால் கமக்காரருக்கு உரத்தைக் குறைக்கச் சொன்னால் போதாதா என்று இளைஞர் கேட்பர். 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடீரென நிறுத்தியது. விளைச்சல் விழுந்தது, கமக்காரர் வீதிக்கு வந்தனர், அவ்வாண்டு முடியுமுன்னரே தடை தளர்ந்தது. ஏன் ஒரு கமக்காரர் அவ்வளவு உரம் போடுகின்றார் என்று கேளாமல் உரத்தை நிறுத்தியதன் பலன் அது. அந்த "ஏன்" என்பதற்கு விடை போத்தலுக்குள் இல்லை. மற்ற மூன்று மாணவரின் ஏடுகளுக்குள் இருக்கின்றது.

முதலாவது, சட்டம். எமது தேசவழமை எழுத்தில் வந்த கதையே ஓர் ஆராய்ச்சிக் கதை. 1706இல் ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி, திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழமைகளைத் தொகுத்தார். அது தமிழிலே பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்கள் படித்துச் சரியென ஒப்பிய பின்னரே சட்டமாயிற்று. 1806இல் ஆங்கிலேயர் அதை ஏற்றுக்கொண்டனர். எவரைப் பற்றி எழுதினாரோ அவர்களிடமே அவர்தம் மொழியில் எழுதியதைக் காட்டிச் சரிபிழை கேட்டார் அந்த ஒல்லாந்தர். முந்நூறு ஆண்டுக்கு முன் ஓர் அந்நிய உத்தியோகத்தர் செய்ததை இன்றைய ஆய்வேடுகள் செய்யவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கின்றது.

அச்சட்டத்தின் வழியிலே முதுசமும் சீதனமும் தேடிய தேட்டமும் தலைமுறை தோறும் பிரிகின்றன. ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. இரண்டு ஏக்கர்த் தோட்டம் மூன்று தலைமுறையில் நான்கைந்து பரப்புத் துண்டுகளாயிற்று. காணி பிரிந்தாலும் கிணறு பிரியாது. "கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்று நொத்தாரிசு எழுதிவிடுவார். முறை வைத்து இறைப்பது வில்லங்கமாகும்போது ஒவ்வொருவரும் தத்தம் துண்டில் வேறு கிணறு வெட்டுகின்றார். விற்பதானால் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முதலுரிமை என்பது 1947ஆம் ஆண்டின் முற்கொள்வனவுச் சட்டம். பங்காளர் ஒருவர் கனடாவிலும் மற்றவர் இலண்டனிலும் இருக்கும்போது அத்துண்டுகளை ஒன்றுசேர்ப்பது எளிதன்று. எனவே அவை ஆண்டுக் குத்தகைக்குப் போகின்றன. அடுத்த வருடம் அந்நிலம் தன்னிடம் இருக்குமோ என்று அறியாத குத்தகைக்காரர், மண்ணையும் நீரையும் எதற்காகப் பேணுவார்? இந்த வருடப் பலனைத்தான் பார்ப்பார்.

இன்னொன்று. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவனின் இருப்பிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்திற் கேட்கலாம். 2009இல் போர் முடிந்தபோது கணவன் எங்கே என்று தெரியாத பெண்கள் எத்தனை பேர் என்பதை இச்சபைக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. சொந்தச் சீதனக் காணியை ஈடு வைத்து ஒரு கிணற்றைத் திருத்த அவர்கள் நீதிமன்றப் படி ஏறவேண்டும். இந்த ஏற்பாட்டை மாற்றவேண்டும் என்று ஆராய்ச்சியாளரும் பெண்களும் கேட்டு வந்துள்ளனர். எமது சங்கமும் அவ்வாறே கருதவேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

வர்த்தகத்துக்கு வருவோம். யாழ்ப்பாணப் புகையிலை திருவாங்கூருக்குப் போன காலம் ஒன்று இருந்தது. பின்னர் 1970களின் முற்பகுதியிலே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறக்குமதித் தடை வந்தபோது எமது கமக்காரர் கையிலே பணம் புரண்டது, கல்வீடுகள் எழுந்தன. 1977இற்குப் பின் கதவு திறந்தது, விலை விழுந்தது. அன்று தொடக்கம் எமது கமக்காரர் ஒரு சூதாட்டத்தில் இருக்கின்றார். விலை எப்போது ஏறும், எப்போது விழும் என்று தெரியாது; சில சந்தைகளில் நூற்றுக்குப் பத்துக் கழிவு பிடிப்பதாக முறைப்பாடும் உண்டு. நாலு பரப்பிலே, விலை நிச்சயமில்லாத பயிரை வைத்து ஒரு குடும்பம் பிழைக்கவேண்டுமானால், அவர் கையிலே உள்ள ஒரே பிடி அதிக விளைச்சல். அதற்கு அவர் அறிந்த ஒரே வழி அதிக உரம். வர்த்தக மாணவர் எழுதிய விலைக் கணக்கும், கமத்தொழில் மாணவர் எழுதிய நைத்திரேற்றுக் கணக்கும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பது இப்போது விளங்கும்.

சமூகத்தைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு வார்த்தை. நாம் இந்து இளைஞர் சங்கத்தவர். நிறைகுடம் வைக்காமல் ஒரு மங்கல காரியமும் செய்யோம். ஆனால் அந்தக் குடத்துக்கு நீர் அள்ளிய கிணற்றிலே, நம்மிலே ஒரு பகுதியினரைக் கைவைக்கவிடாமல், ஒருவர் அள்ளி ஊற்றும்வரை கையேந்தி நிற்கச் செய்தோம். ஆச்சி அந்த மாணவியிடம் இதை மறைக்காமற் சொன்னார்; சொல்லிவிட்டு அழுதார் என்று கேள்விப்பட்டோம். மைக்கல் பாங்ஸ் என்ற ஆங்கில அறிஞர் யாழ்ப்பாணத்துச் சாதி அமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரை 1960இல் வெளிவந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பதினோராண்டு கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததைப் பெரியோர்கள் அறிவார்கள். இது பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. நன்னீர்க் கிணறு யாருடைய காணியில் அமைந்தது, உவர்நீர் யாருடைய குடியிருப்புக்கு வாய்த்தது என்று ஒரு படம் வரைந்து பார்த்தால், பழைய கோடுகள் இன்னும் அழியவில்லை என்பது தெரியவரும்.

நான்கு துறைகளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் எம்மிடம் உதாரணம் உண்டு. சுன்னாகத்திலே கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி பத்தாண்டுகளுக்கு முன் எல்லோரையும் கலக்கியது. மக்கள் போத்தலில் தண்ணீரைக் கொண்டு வந்து காட்டினார்கள். நீரியல் அறிஞர் அளந்தார்கள். வழக்கு 2015இல் உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2019 ஏப்ரலில், மின்னுற்பத்தி செய்த நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா கொடுக்கவேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. அறிஞருக்குள் கருத்து வேற்றுமை இருந்தது. அது இருக்கவே செய்யும். ஆனால் அளவைக் கணக்குச் சட்டத்தரணியின் கைக்கு வந்ததால் கிணற்றுக்காரருக்கு ஒரு தீர்ப்பு கிடைத்தது.

சேராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இரணைமடு சாட்சி. குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தைப் பொறியியலாளர் வகுத்தனர். தம் வயலுக்கு நீர் குறையுமென்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். அவர்களிடம் முதலிலேயே போய் இருந்து பேசியிருந்தால் எத்தனையோ ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். ஈற்றில் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் ஆலை 2024இல் திறக்கப்பட்டது. அதன் குழாய் வந்தாலும் தோட்டக் கிணறு தோட்டக் கிணறுதான். அதைப் பாழாகவிட நமக்கு உரிமையில்லை.

பெரியவரின் வீட்டார் இப்போது குடிநீரை வெளியிலிருந்து எடுக்கின்றார்கள். குழந்தை நலம். அட்டவணையைத் தமிழில் எழுதி அவர் கையிற் கொடுத்தபோது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். "அப்ப பக்கத்து வளவுக் கிணறு?" என்றார். பக்கத்து வளவுக் கிணற்றை ஒருவரும் அளக்கவில்லை.

ஆகையால் சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேலை. உங்களில் ஆறேழு பேர் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றீர்கள். துறை வேறு, ஊர் ஒன்று. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோயிற் கேணியடிக்கு வாருங்கள். முடிச்சிட்ட அளவுக் கயிறு, சுத்தமான போத்தல்கள், பனிக்கட்டிப் பெட்டி, ஒரு கொப்பி போதும். நீர்மட்டம் எவ்வளவு, யார் யாருக்குப் பங்கு, குத்தகை யார், என்ன பயிர், என்ன விலைக்குப் போயிற்று, யார் யார் அள்ளுகின்றனர் என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதுவோம். பரிசோதனைச் செலவைச் சங்கம் ஏற்கும் என்று தனாதிகாரி தலையாட்டுகின்றார். அவர் தூங்கவில்லை என்று நம்புகின்றோம். விடை வந்ததும் அவரவர் வீட்டுக்குத் தமிழிலே எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

பெரியோர்களிடம் கேட்பது ஒன்றே. றங்குப்பெட்டியில் இருக்கும் பழைய உறுதிகளையும் புகையிலைக் கணக்குக் கொப்பிகளையும் கறையானுக்கு விடாமல் அன்று எடுத்து வாருங்கள். பிரதி எடுத்ததும் கையோடு திருப்பித் தருவோம். முதலில் அளப்பது அந்தப் பக்கத்து வளவுக் கிணறு.