வீட்டிலேயே பதித்த குடும்பச் சட்டை
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அற்பமானதென்று சிலர் எண்ணக்கூடும். குடும்பக் கூட்டத்திற்கு வருவோர் யாவரும் ஒரே மாதிரி அணியும் பனியன் சட்டையில், இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு வீட்டிலேயே படம் பதித்துக்கொள்வது எப்படி என்பதே அது. சென்ற கோடையில் நாமே செய்து, கெடுத்து, மறுபடி செய்து கற்றதைச் சொல்லுகிறோம்.

எமது பாட்டனார் கட்டிய வீட்டில் எல்லோரும் கூடுவதென்று தீர்மானமானவுடன், பிள்ளைகள் 'டீ-சர்ட்' வேண்டுமென்றார்கள். அச்சிடும் கடைக்காரர் ஒருவர், நூறு உருப்படிக்குக் குறைந்தால் கையிடுவதில்லையென்று சொல்லிவிட்டார். நமக்கு வேண்டியவையோ 32. ஆகவே திருப்பூரிலிருந்து வெறும் வெள்ளைச் சட்டைகள் 36 வரவழைத்தோம். முழுப் பருத்தியாகவே கேட்டு வாங்கினோம். செயற்கை நூல் மிகுந்த துணி கடுஞ்சூட்டைத் தாங்காது. எமது தம்பி மகள் அவ்வீட்டுத் திண்ணையையும் அதன் இரு தூண்களையும் கோட்டுச் சித்திரமாக வரைந்து, கீழே ஊர்ப் பெயரை எழுதினாள்.

இதற்கென விற்கும் 'டிரான்ஸ்பர் பேப்பர்' என்னும் தாளின் ஒரு முகத்தில் உருகக்கூடிய மெல்லிய பூச்சு இருக்கிறது. அம்முகத்தில் இங்க்ஜெட் யந்திரத்தால் படத்தை அச்சிட்டு, துணியின்மேல் கவிழ்த்துச் சூட்டோடு அழுத்தினால், பூச்சு உருகி நூலிழைகளில் இறங்கி, மையையும் பற்றிக்கொண்டு இறுகுகிறது. இத்தாளை லேசர் யந்திரத்தில் செலுத்தலாகாது. அதன் உட்சூட்டிலேயே பூச்சு உருகி யந்திரம் பாழாகும்.

கவிழ்த்துப் பதிப்பதால், கண்ணாடியில் தெரிவதுபோலப் படத்தை இடவலமாக மாற்றி அச்சிடவேண்டும். அதை நாம் மறந்தோம். வீடு இருபுறமும் ஒன்றுபோல இருந்தபடியால் தப்பியது. ஊர்ப் பெயரைத்தான் கண்ணாடி பிடித்து வாசிக்க வேண்டியதாயிற்று. கூடுதலாக வாங்கிய சட்டைகளில் இரண்டு அவ்வாறு போயின. கறுப்பு முதலிய அடர்நிறத் துணிகளுக்கு வேறு வகைத் தாள் உண்டு. அதில் மாற்றாமலே அச்சிட்டு, அடித்தாளை உரித்துவிட்டு, படம் மேல்நோக்க வைத்து, பட்டர் பேப்பர் விரித்துத் தேய்க்கவேண்டும்.

மற்ற இரண்டு சட்டைகள் மெத்தென்ற இஸ்திரி மேசையில் கெட்டன. நீராவியோடு தேய்த்தோம்; படத்தின் ஓரங்கள் உரிந்து எழும்பின. எழுபது கடந்த எமது அத்தை அதைப் பார்த்துவிட்டு, "மெத்தையிலே வைத்தால் அழுத்தம் எங்கே தம்பி தங்கும்? பலகையைக் கொண்டுவா" என்றார். அதன்பின் காரியம் அவர் கையில் போயிற்று. புதுச் சட்டையை ஒருமுறை அலசி, நன்றாகக் காயவைத்து, பலகையின்மேல் மெல்லிய துணி விரித்து, பெட்டியில் சொட்டு நீருமின்றி, பருத்திக்குரிய மிகுசூட்டில், இரு கையாலும் ஊன்றி மெதுவாக நகர்த்தினார். மூலைகளில் சற்று அதிகநேரம் நின்றார். தாளைச் சூட்டோடு உரிப்பதா, ஆறவிட்டு உரிப்பதா என்பது மட்டும் தாளுக்குத் தாள் வேறுபடும். உறையில் அச்சிட்டிருப்பதை வாசித்துச் செய்க.

32 சட்டைகளையும் முடித்து மடித்து வைத்தபின், அத்தை கேட்டார்: "இதிலே எனக்கு எது தம்பி?"

அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாம் பட்டியலை எமது தகப்பனார் எழுதிவைத்த வம்சாவளியைப் பார்த்துத் தயாரித்திருந்தோம். அதில் ஆண்மக்களும் அவர்தம் வழியினருமே கண்டிருந்தனர். மருமகள்மாருக்கும் சட்டை வைத்திருந்தோம். மணமாகிப் போன பெண்மக்களுக்கு வைக்கவில்லை. வேண்டுமென்றே விட்டிருந்தால் யாரேனும் ஆட்சேபித்திருப்பர். ஒருவர் நினைவிலும் தோன்றவில்லை என்பதே நமக்கு அதிக வெட்கமாயிருந்தது. "சட்டை போடுகிற வயதா எனக்கு? அந்தத் திண்ணையைப் பிடித்துத்தான் நான் நடை பழகினேன்" என்று மட்டும் சொல்லி, அவர் பெட்டியின் கம்பியைச் சுருட்டினார்.

அன்றிரவே மறுபடி எழுதினோம். பெண்மக்கள் வழியில் மேலும் 19 பேர். கூட்டத்திற்கு இரண்டு நாளே இருந்தது. தாள் ஐந்தே மிச்சம். படத்தைச் சிறிதாக்கி ஒரு தாளுக்கு நான்காக அச்சிட்டு, உள்ளூர்க் கடையில் வாங்கிய சட்டைகளில் இடது மார்புப் பக்கம் பதித்தோம். இருபதாவது படத்தை ஒரு காடாத் துணிப் பையில் பதித்து அத்தையிடம் கொடுத்தோம். வாங்கிப் பார்த்து, "தூண் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது" என்றார். உண்மைதான், சாய்ந்துதான் இருந்தது. கூட்டத்தன்று வெற்றிலை பாக்கு முழுவதும் அப்பையிலேயே இருந்தது.

துவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பதித்து ஒரு நாள் கழியுமட்டும் நீர் படலாகாது. பிறகு உள்புறம் வெளியாகத் திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைக்கவேண்டும். படத்தின்மேல் பெட்டியை நேரே வைக்கலாகாது.

இவ்வாண்டுப் பட்டியலை அத்தையே எழுதியிருக்கிறார். 58 பெயர்கள் வந்திருக்கின்றன, சட்டைகளுக்கு எழுதிவிட்டோம். பலகை எமது வீட்டில் இருக்கிறது. கூட்டம் நடத்தும் அன்பர்கள் கேட்டு எடுத்துப் போகலாம்.