பகைவனுக்கும் ஒரு நெஞ்சம்

கோயம்புத்தூர் மாவட்டத்தின் மேற்கெல்லையைக் கடந்தால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம். அதன் சித்தூர் வட்டத்தில், எல்லையை ஒட்டியே அமைந்திருக்கிறது வடகரப்பதி. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வாழ்வோர் பலரை அங்கே காணலாம். வேற்று மாநிலங்களில் இல்லறம் நடத்தும் உங்களுக்கு அவ்வாழ்வு புதிதன்று. அந்த மாவட்டத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு கலையை முன்வைத்து, கதை எழுதுவோர்க்குரிய ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன்.

பிறர் படைத்த கதையின் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு புதுக்கதை புனைவதில் இன்றைய இளைஞர்க்கு ஆர்வம் மிகுதி. அவர்களுள் பலர் நாயகனைவிட அவன் பகைவனையே பெரிதும் விரும்புகின்றனர். 'தீயவன் என்று பெயர் வாங்கியவனுக்கும் ஒரு நியாயம் இருக்காதா?' என்பது அவர்கள் வினா. நல்ல வினாதான், பழைய வினாவுங்கூட. பாலக்காட்டுத் தோல்பாவைக் கூத்தர்கள் தலைமுறை தலைமுறையாக இதற்கு விடை தேடி வந்திருக்கின்றனர்.

பத்திரகாளி கோயில்களில், கூத்துமாடம் எனும் நிலையான அரங்கில் இக்கூத்து நடைபெறும். ஏறத்தாழ 42 அடி நீளமுள்ள திரை. அதன் பின்னே வரிசையாக 21 விளக்குகள். விளக்கொளியில் தோற்பாவைகளின் நிழல். தாரிகனோடு போர் புரிந்துகொண்டிருந்தமையால் இராவண வதத்தைக் காணும் வாய்ப்பு தேவிக்குக் கிட்டவில்லை என்றும், அக்குறை தீரவே இக்கூத்து ஏற்பட்டதென்றும் ஐதிகம் கூறுகிறது. மலையாள நாட்டில் நடக்கும் இக்கூத்தில் பாடப்படுவன பெரும்பாலும் கம்பன் பாடல்கள். பாவையாட்டுவோர்க்குப் புலவர் என்றே பட்டம். பாடலைப் பாடியபின் தம் சொந்தச் சொற்களால் விரிவுரையும் நிகழ்த்துவர். சில கோயில்களில் 7 இரவு, சிலவற்றில் 21 இரவு, இன்னும் சிலவற்றில் அதற்கு மேலும் கதை நீளும். மனிதர் எவரும் எதிரே இல்லாத இரவுகளிலும் கூத்து நிற்பதில்லை. தேவி கேட்கிறாள் என்ற நம்பிக்கையிலேயே புலவர் பாடிக்கொண்டிருப்பார்.

கம்பனில் இல்லாத ஒரு நிகழ்ச்சியைக் கூத்தர்கள் இக்கதையில் சேர்த்திருக்கின்றனர். சூர்ப்பணகைக்குச் சம்புகுமாரன் என்றொரு மகன். தவத்தில் அமர்ந்திருந்த அவன் இலக்குவன் கையால் மாய்கிறான். இதைக் கண்ட பின்னர்ச் சூர்ப்பணகை திரையில் தோன்றினால், அவளை வெறும் காமவெறி கொண்ட அரக்கியாக நாம் காண முடியுமா? மகனை இழந்த தாயாகவும் காண்கிறோம். அவள் செய்கை நல்லதாகிவிடவில்லை; அதற்கு ஒரு வேர் புலப்பட்டுவிடுகிறது. அந்த வேரில் நாயகன் தம்பியின் கையும் பட்டிருக்கிறது. பகைவனுக்கும் நாயகனுக்கும் உள்ள உறவு இவ்வாறுதான் கதையில் முளைக்க வேண்டும். பகைவனின் துயரத்துக்கு நாயகன் பக்கத்தாரும் ஓரளவு விடை சொல்ல வேண்டியவராக நிற்கும்போது கதைக்கு ஆழம் வருகிறது.

இனிக் கும்பகருணனைப் பாருங்கள். சீதையை விட்டுவிடுமாறு அண்ணனுக்கு அறிவுரை கூறியவன் அவன். அண்ணன் கேளாதபோதும், வளர்த்த கடனுக்காகப் போர்க்களம் புகுந்தான். வீடணன் வந்து அழைத்தும் இராமன் பக்கம் சேர மறுத்தான். ஆயினும் உயிர் போகும் வேளையில் தன் தம்பியை அவன் ஒப்படைத்தது எவரிடம்? தன்னைக் கொல்லும் இராமனிடமே. மூக்கும் செவியும் இழந்த தன் முகத்தைப் பிறர் காணாதவாறு தலையைக் கடலில் ஆழ்த்துமாறும் வேண்டினான்; இராமன் அவ்வாறே செய்தான். பகைவனின் மானத்தைக் காக்கும் பொறுப்பு நாயகன் கைக்கு வந்து சேர்ந்தது.

இராவணன் வீழ்ந்தபின் அவன் முதுகில் தழும்பு கண்டு இராமன் நாணுகிறான். புறமுதுகிட்டவனையா வென்றோம் என்ற கலக்கம் அவனுக்கு. திசையானைகளோடு பொருதபோது மார்பில் பாய்ந்த கொம்புகளின் வடு அது என்று வீடணன் விளக்கிய பின்னரே இராமன் உள்ளம் தெளிகிறது. பகைவன் வீரனாக இருந்தால்தானே வெற்றிக்குப் பெருமை? நாயகன் புகழ் பகைவன் புகழோடு பிணைந்திருக்கிறது என்பதைக் கம்பன் இங்கே காட்டிவிடுகிறான்.

ஆனால் இதற்கொரு வரம்பு உண்டு. இராவணன் பெருமை எத்தனை பேசப்பட்டாலும், அசோகவனத்தில் சீதை வடித்த கண்ணீரைக் கம்பன் மறைக்கவில்லை. இன்று எழுதுவோர் சிலர் தீயவனுக்கு இரங்கத் தொடங்கி, அவனால் துன்புற்றவரை மறந்துவிடுகின்றனர். கதையில் ஒருவனுக்கு நியாயம் செய்யப் புகுந்து மற்றொருத்திக்கு அநியாயம் இழைப்பது இரக்கமாகாது. குற்றத்தின் காரணத்தைச் சொல்லுங்கள், குற்றத்தை அழித்துவிடாதீர்கள். துன்புற்றவள் வாயையும் அடைத்துவிடாதீர்கள்.

அண்மைக்கால இலக்கியத்திலும் இதற்குச் சான்றுண்டு. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னில் கல்கி படைத்த நந்தினி, சோழர் குலத்துக்குக் கேடு சூழ்ந்தவள். அவள் மன்றாடியும் கேளாமல் வீரபாண்டியன் தலையை ஆதித்த கரிகாலன் கொய்தான் என்பதை அறிந்தபின், அவளை முற்றிலும் வெறுக்க நம்மால் இயலவில்லை. கரிகாலனாலும் அவளை மறக்க இயலவில்லை. பின்னர் விக்கிரமன் அக்கதையின் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். ஒருவர் படைத்த பாத்திரத்தை மற்றொருவர் ஏற்று வளர்ப்பது நம் மரபுக்கு அயலானதன்று.

அன்பர்களே, மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ வளரும் உங்கள் பிள்ளைகள் இராமன் கதையை மாற்றி எழுதிக் காட்டினால் சினந்துவிடாதீர்கள். 'கும்பகருணன் பக்கம் நின்று எழுது. அவன் தம்பியையும் மறவாதே' என்று ஊக்குங்கள். பேசும் மொழி வேறாகிப்போன ஊர்களிலும் கம்பன் பாடலைக் காத்து வருவோர் உளர். பகைவனுக்கும் நெஞ்சமுண்டு என்று உணர்ந்த பிள்ளை, அயலாரிடையே வாழும்போது எவரையும் எளிதில் பகைவர் என்று எண்ணிவிடாது.