நகலின் பெருமை



யான் இரயில்வே குமாஸ்தா. நகல் எழுதியே காலங் கழிப்பவன். "நகல்தானே" என்று எவரும் இகழற்க. இத்தாலியில், பார்மா நகரப் பேராலயத்தின் குவிமாடத்தில் கொரெஜ்ஜோ தீட்டிய ஓவியத்தை, வன்னி என்னும் கலைஞர் 1642இல் செப்புத் தகடுகளில் வரைந்து அச்சிட்டார். அண்ணாந்து காண வேண்டிய காட்சி கையிலேந்தும் தாளாயிற்று.

நம் நாட்டில், அஜந்தாக் குகைகளின் சுவரோவியங்களையும் விதான ஓவியங்களையும் பம்பாய்க் கலைப்பள்ளி மாணவர் 1872 தொடங்கிப் பல்லாண்டு படியெடுத்தனர். இலண்டனுக்கு அனுப்பிய படிகளுட் பல 1885இல் தீக்கிரையாயின. எனினும், அவர்தம் ஆசிரியர் கிரிபித்ஸ் 1896இல் வெளியிடத் தொடங்கிய பெருநூல் இன்றும் அவ்வெழிலைக் காட்டுகின்றது.

சுண்ணமும் வண்ணமும் உதிரும். ஆதலின், இந் நாராயணவனத்துக் கல்யாண வேங்கடேசர் கோவில் தூண்களையேனும் நம் பிள்ளைகள் இன்றே தாளில் வரைந்து வைப்பாராக.